டெர்ரியின் ஏர்ல் பிஷப் உண்மையில் அவ்வளவு கெட்டவரா?

கேள்வி இதுதான்: "18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் ஓர் ஆங்கிலிக்கன் பிஷப் இருந்தாராம். தன் கீழிருந்த குருவானவர்களைக் குதிரைப் பந்தயம் ஓடவிட்டாராம். பிரஷ்ய மன்னரின் காதலிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினாராம். கடவுள் நம்பிக்கையே கிடையாதாம். இதெல்லாம் உண்மையா? உண்மையென்றால் சபை ஏன் அவரைப் பதவியிலிருந்து இறக்கவில்லை?"

நீங்கள் கேட்பது ஃபிரெடெரிக் அகஸ்டஸ் ஹார்வியைப் பற்றி. 1730இல் பிறந்தார், 1803இல் இறந்தார். டெர்ரி திருமண்டலத்தின் பிஷப். பிரிஸ்டல் பிரபுக் குடும்பத்தின் நான்காம் ஏர்லும் அவரே. அதனால் 'ஏர்ல் பிஷப்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. குதிரைப் பந்தயம் செவிவழிக் கதை. கடிதங்கள் உண்மை. நம்பிக்கை இல்லாதவர் என்பதற்குச் சான்று கிடையாது. ஒரே மூச்சில் கேட்டால் இவ்வளவுதான் பதில். ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிரிப்புக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தில் அவர் செய்த பெரிய நன்மையும் காதில் விழுவதில்லை, அவர் செய்த உண்மையான தவறும் காதில் விழுவதில்லை.

முதலில் குடும்பம். "கடவுள் ஆணைப் படைத்தார், பெண்ணைப் படைத்தார், பிறகு ஹார்விகளைப் படைத்தார்" என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. யார் முதலில் சொன்னது என்பதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தந்தை ஜான் ஹார்வி அரசவையில் செல்வாக்கு மிக்கவர். கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் பகையைச் சம்பாதித்து அவர் கவிதையில் மிகக் கேவலமாகத் திட்டு வாங்கியவர். அண்ணன் அகஸ்டஸ் கடற்படை அதிகாரி. அவர் 1744இல் எலிசபெத் சட்லி என்ற பெண்ணை ரகசியமாக மணந்தார். அந்தப் பெண் அதை மறைத்து 1769இல் கிங்ஸ்டன் கோமகனை மணந்துகொள்ள, 1776இல் பிரபுக்கள் சபையின் முன் இருதார மண வழக்கு நடந்தது. லண்டனே திரண்டு வந்து வேடிக்கை பார்த்த வழக்கு அது. ஆக, ஹார்வி என்ற பெயரைக் கேட்டாலே ஊர் வம்பு பேசத் தயாராக இருந்தது. நம்முடைய பிஷப்பைப் பற்றிய கதைகளை எடைபோடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதிக் கதைகள் அவருக்கு முன்பே அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தவை.

ஃபிரெடெரிக் மூன்றாவது மகன். மூத்தவனுக்கு நிலமும் பட்டமும், அடுத்தவனுக்குப் படை, அதற்கடுத்தவனுக்குத் திருச்சபை என்பது அன்றைய பிரபு வீட்டு வழக்கம். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1752இல் எலிசபெத் டேவர்ஸ் என்ற பெண்ணை மணந்தார். பிறகு குருப்பட்டம் பெற்றார். பல ஆண்டுகள் பெரிய பதவி எதுவும் வரவில்லை. காத்திருந்த காலத்தில் இத்தாலிக்குப் போனார். அங்கே நேப்பிள்ஸில் ஆங்கிலத் தூதராக இருந்தவர் பள்ளித் தோழர் வில்லியம் ஹாமில்டன். எரிமலை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1766இல் வெசுவியஸ் எரிமலைக்கு மிக அருகே போய் நின்ற ஹார்வியின் கையில் எரிமலை கக்கிய கல் விழுந்து பலத்த காயம் ஏற்பட்டது. அதற்கும் அவர் அடங்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாறைகளையும் எரிமலைகளையும் தேடித் திரிந்தார்; அயர்லாந்தின் வடகரையில் அறுகோணத் தூண்களாக நிற்கும் கருங்கற்பாறைகளை, 'ஜயன்ட்ஸ் காஸ்வே' என்பார்களே, அவற்றை அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

பிஷப் பதவி வந்தது எப்படி? அண்ணன் மூலம்தான். மூத்த அண்ணன் ஜார்ஜ் 1766இல் அயர்லாந்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அவர் அயர்லாந்து மண்ணில் ஒருநாளும் கால் வைக்கவில்லை. ஆனால் பதவியிலிருந்த அந்தக் கொஞ்ச நாளில் தம்பிக்கு ஒரு வழி செய்துவிட்டார். 1767இல் ஃபிரெடெரிக் குளொயின் பிஷப் ஆனார். மறு ஆண்டே டெர்ரிக்கு மாற்றம். குளொயின் தோட்டத்தில் இளம் குருவானவர்களோடு பச்சைக் குதிரை தாண்டி விளையாடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்ததாகவும், "உங்கள் எல்லாரையும்விட நான்தான் உயரத் தாண்டினேன், குளொயினிலிருந்து டெர்ரிக்குத் தாண்டிவிட்டேன்" என்று அவர் கத்தியதாகவும் ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, தாண்டியது உண்மையிலேயே பெரிய தாண்டல்தான். ஏன் என்று புரிய அந்தப் பதவிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

டெர்ரி திருமண்டலத்துக்கு ஏராளமான நிலம் இருந்தது. அதை விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். குத்தகைக் காலம் 21 ஆண்டு. ஆண்டு வாடகை மிகக் குறைவு. ஆனால் காலம் முடியுமுன்பே குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளக் குத்தகைதாரர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கட்டுவார். அந்தத் தொகை திருமண்டலத்துக்குப் போகாது. அப்போது யார் பிஷப்போ அவர் கைக்குப் போகும். அதனால் பிஷப்புக்கும் குத்தகைதாரருக்கும் இடையே ஆயுளை வைத்து ஒரு பேரம் நடக்கும். வயதான பிஷப் என்றால், இருக்கும்வரை கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று குறைந்த தொகைக்கே புதுப்பித்துவிடுவார். ஹார்வி பதவிக்கு வந்தபோது வயது 37தான். குத்தகை தானாக முடியும்வரை காத்திருக்கவும் தயார் என்று அவர் நின்றால், நிலத்தை இழக்கப் பயந்த குத்தகைதாரர் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 7,000 பவுண்டாக இருந்த டெர்ரியின் வருமானம் அவர் காலத்தில் 20,000 பவுண்டை நெருங்கியது. ஓர் உதவிக் குரு ஆண்டுக்கு 50 பவுண்டு வாங்கினாலே பெரிது என்றிருந்த காலம். இதில் சட்டமீறல் எதுவும் கிடையாது. அதுதான் இதிலுள்ள கொடுமை. எந்த வம்புக் கதையிலும் இந்தக் கணக்கு வருவதில்லை, ஆனால் அவர் வாழ்க்கையில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காசு இங்கிருந்துதான் வந்தது.

இனி, நான் மிகவும் மதிக்கும் பகுதி. டெர்ரிக்கு வந்த முதல் ஆண்டுகளில் அவர் நடந்துகொண்ட விதம் பலரையும் வியக்கவைத்தது. திருமண்டலத்தின் சபைகளை நேரில் போய்ப் பார்த்தார். வயதாகி ஓய்ந்த குருவானவர்களுக்கு உதவ நிதி ஏற்படுத்தினார். பதவி காலியானால் இங்கிலாந்திலிருந்து உறவினர்களையும் நண்பர்களையும் கொண்டுவந்து நுழைப்பது அன்றைய பிஷப்புகளின் பழக்கம். இவர் அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கே பதவி என்பதில் உறுதியாக இருந்தார். தன் சொந்தப் பதவி அண்ணன் தயவில் கிடைத்தது என்பதால் இது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சாலைகள் போட்டார். டெர்ரியின் புனித கொலம் பேராலயத்துக்குப் புதிய கோபுரம் எழுப்பினார். ஃபாயில் ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1775இல் டெர்ரிக்கு வந்தபோது இவர் பிரசங்கத்தைக் கேட்டார், இவரோடு உணவருந்தினார். நன்றாக எழுதுகிறவர், நன்றாகப் பேசுகிறவர், திருவிருந்தை மிகுந்த பயபக்தியோடு நடத்தினார் என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரபு வீட்டுக் குருமார்களிடம் எளிதில் மயங்குகிறவர் அல்ல வெஸ்லி. நம்பிக்கையற்றவர் என்ற குற்றச்சாட்டுக்கு எதிராக எனக்குக் கிடைக்கும் முதல் சாட்சி அவர்தான்.

கத்தோலிக்கர் விஷயத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய அயர்லாந்தில் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அரசின் அதிகாரபூர்வ சபையோ ஆங்கிலிக்கன் சபை. கத்தோலிக்கருக்கு வாக்குரிமை இல்லை, பாராளுமன்றத்தில் இடம் இல்லை, நிலம் வாங்குவதிலும் வாரிசுக்குக் கொடுப்பதிலும் ஏகப்பட்ட தடைகள். வடக்கே அல்ஸ்டரில் நிறைந்திருந்த பிரெஸ்பிட்டேரியன்களுக்கும், அதாவது பிஷப்புகளை ஏற்காத புராட்டஸ்டண்ட் சபையினருக்கும், பல கட்டுப்பாடுகள். இவர்கள் அனைவரும் தாங்கள் காலெடுத்து வைக்காத ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாக வரி கட்ட வேண்டும். அந்த வரியில் வாழ்கிற பிஷப் ஒருவர் "இது அநியாயம்" என்று வெளிப்படையாகச் சொன்னால் எப்படி இருக்கும்? ஹார்வி சொன்னார். தம் மதத்தை விட்டுக்கொடுக்காமலே கத்தோலிக்கர் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ள 1774இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் முக்கியமானவர் இவர். சாதாரணப் பிரமாணம் போலத் தோன்றும். ஆனால் கத்தோலிக்கர் என்றாலே ராஜத்துரோகி என்று பொருள்கொண்டிருந்த சட்டம், அவர்களை முதன்முறையாகக் குடிமக்களாக ஏற்றுக்கொள்ள வாசல் திறந்தது அங்கேதான். பின்னால் வந்த சலுகைச் சட்டங்கள் அந்த வாசல் வழியாகத்தான் வந்தன. டெர்ரி நகரில் 'லாங் டவர்' கத்தோலிக்க ஆலயம் கட்டப்பட்டபோது தன் கைப்பணத்திலிருந்து 200 கினி (அன்றைய தங்க நாணயம்) கொடுத்தார்.

கடலோரத்தில் டவுன்ஹில் என்ற இடத்தில் அவர் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டினார். அதன் அருகே, செங்குத்தான பாறை விளிம்பில், உருண்டையான ஒரு சிறு நூலகம். இத்தாலியின் டிவோலியிலுள்ள பழைய ரோமானியக் கோயிலைப் போன்ற வடிவம். உறவுக்காரப் பெண் ஃபிரைட்ஸ்வைட் மஸ்ஸென்டென் பெயரில் அதைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிவதற்குள், 1785இல், 22 வயதிலேயே அந்தப் பெண் இறந்துவிட்டார். முதிய பிஷப்புக்கும் இளம்பெண்ணுக்கும் என்ன உறவு என்று அப்போதே வம்பு பேசினார்கள். தவறான உறவு இருந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரை இன்றும் அந்த வம்பில் இழுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கட்டிடத்தைப் பற்றிப் பேச வேண்டியது வேறு விஷயம். பக்கத்தில் கத்தோலிக்கருக்கு ஆலயம் கிடையாது. நூலகத்துக்குக் கீழே இருந்த அறையில் வாரம் ஒருமுறை திருப்பலி நடத்திக்கொள்ள அவர்களுடைய குருவுக்கு ஹார்வி இடம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் பிஷப் மேலே புத்தகம் வாசிக்கும் கட்டிடத்தின் அடியில் கத்தோலிக்கத் திருப்பலி! அன்றைய ஆளும் வர்க்கத்துக்கு இது எத்தனை பெரிய அதிர்ச்சி என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கட்டிடத்தின் மேல்விளிம்பில் பொறித்த வரிகள்தான் "நாத்திகர்" என்ற பேச்சுக்குத் தீனி போட்டவை. அவை லத்தீன் கவிஞர் லுக்ரீஷியஸ் எழுதியவை: பெருங்கடலைக் காற்று கொந்தளிக்கச் செய்யும்போது, பிறர் படும் பாட்டைக் கரையிலிருந்து பார்ப்பது இனிது என்பது அதன் பொருள். தெய்வங்கள் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று பாடியவர் லுக்ரீஷியஸ். பைபிள் வசனம் இருக்க வேண்டிய இடத்தில் அவரா என்று கேட்டார்கள். ஆனால் அன்று லத்தீன் படித்த எந்தக் கனவானும் இந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்வான். கடலைப் பார்த்து நிற்கும் கட்டிடத்துக்குக் கடல் வரி பொருத்தம் என்று எழுதியிருப்பார். இதை வைத்து ஒருவர் நம்பிக்கையை அளப்பது நியாயமில்லை.

1779இல் அகஸ்டஸும் இறந்துபோக, மூன்றாவது மகன் ஏர்ல் ஆனார். திருமண்டல வருமானத்தோடு குடும்பச் சொத்தின் வருமானமும் சேர்ந்தது. இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 பவுண்டு அளவில் இருக்கும். இந்தப் பணத்தோடும் பட்டத்தோடும் அவர் அரசியலில் இறங்கினார். அமெரிக்கப் போருக்கு ஆங்கிலப் படைகள் போய்விட்டதால் அயர்லாந்தைக் காக்க 1778இல் தொண்டர் படைகள் தோன்றியிருந்தன. போகப்போக அவை ஆயுதமேந்திய அரசியல் இயக்கமாகிவிட்டன. 1783 நவம்பரில் பாராளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு டப்ளினில் அவர்களின் தேசிய மாநாடு கூடியது. அதற்கு ஹார்வி வந்த கோலத்தை ஜோனா பாரிங்டன் தன் நினைவுக் குறிப்பில் வர்ணிக்கிறார்: ஆறு குதிரை பூட்டிய திறந்த வண்டி, ஊதா நிற உடை, முன்னும் பின்னும் குதிரை வீரர்கள், பாராளுமன்றக் கட்டிடத்தின் வாசலில் நின்று எக்காள முழக்கம். பாரிங்டன் எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்கிறவர்தான். ஆனாலும் அரசர் போலப் பவனி வந்தார் என்பதில் பலரும் ஒத்துப்போகிறார்கள். காவலுக்கு வந்த குதிரை வீரர்களின் தலைவர் யார் தெரியுமா? இவருடைய சகோதரி மகன் ஜார்ஜ் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. வாள்சண்டைக்குப் பேர்போன முரடர். பெற்ற தகப்பனையே அடைத்து வைத்தவர். 1786இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர். ஆள் தேர்வில் ஹார்விக்கு விவேகம் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாநாட்டில் அவர் கேட்டது என்ன என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். கத்தோலிக்கருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். மிதவாதிகளின் தலைவர் சார்ல்மாண்ட் பிரபு அதைக் கடுமையாக எதிர்த்தார். தலைமைப் பதவி சார்ல்மாண்டுக்கே போனது. கத்தோலிக்கர் கோரிக்கை ஒதுக்கப்பட்டது. மிச்சமிருந்த சீர்திருத்த மசோதாவையும் பாராளுமன்றம் 157க்கு 77 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. பிஷப்பைக் கைது செய்யலாமா என்றுகூட ஆட்சியாளர்கள் யோசித்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இவரை "அந்தப் பொல்லாத பிஷப்" என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கத்தோலிக்கருக்கு வாக்குரிமை 1793இல் வந்தது, பாராளுமன்ற இடம் 1829இல் வந்தது. இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1783இல் அந்த ஊதா அங்கிக்காரர் சொன்னதுதான் சரி என்று தெரியும். அவருடைய கெட்ட பெயரில் ஒரு பெரும் பங்கு இங்கேதான் உண்டானது. ஆளும் கூட்டத்துக்குப் பிடிக்காத நியாயத்தைப் பேசியவரைக் கிறுக்கர் என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட கதைகள். டவுன்ஹில் கடற்கரை மணலில் ஆங்கிலிக்கன் குருக்களையும் பிரெஸ்பிட்டேரியன் போதகர்களையும் குதிரைப் பந்தயம் விட்டார் என்பது ஒன்று. விருந்துக்குப் பின், பருத்த குருவானவர்களைச் சேற்று நிலத்தில் ஓடவிட்டு, முதலில் வருகிறவருக்குக் காலியான பதவி என்றார். ஒருவரும் கரை சேரவில்லை என்பது இன்னொன்று. இரவில் விருந்தினர் அறை வாசல்களில் மாவைத் தூவி, யார் யார் அறைக்குப் போனார்கள் என்று காலடித் தடத்தில் கண்டுபிடித்தார் என்பது மூன்றாவது. இத்தாலியின் சியெனாவில் மணியோசை பிடிக்காமல், கீழே போன நற்கருணைப் பவனியின் மேல் ஒரு பாத்திரம் பாஸ்தாவைக் கொட்டினார் என்பது நான்காவது. ஊர் ஊராகச் சொல்லப்பட்டு வளர்ந்த கதைகள் இவை. அவருடைய குணத்துக்குப் பொருந்துகின்றன என்பதால் நீடிக்கின்றன. குறும்பும் ஆணவமும் அவரிடம் நிறையவே இருந்தன. ஆனால் கத்தோலிக்கருக்கு ஆலயம் கட்டப் பணம் கொடுத்த மனிதர் அவர்களுடைய பவனியின் மேல் வேண்டுமென்றே உணவைக் கொட்டினார் என்பதை நான் எளிதில் நம்பமாட்டேன்.

கடித விவகாரம் வேறு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் வில்லியமின் காதலி வில்ஹெல்மினா, லிக்டெனாவ் கவுண்டஸ் என்ற சீமாட்டிப் பட்டம் பெற்றவர். 1790களில் இத்தாலியில் அவரோடு ஹார்வி நெருங்கிப் பழகினார், மிகுந்த குழைவோடு கடிதங்கள் எழுதினார். அவருக்கும் மன்னருக்கும் பிறந்த மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பெரும்பாடுபட்டார். வரதட்சணையைப் பற்றியும் கிடைக்கப்போகும் செல்வாக்கைப் பற்றியும் மகனுக்கு எழுதித் தள்ளினார். மகன் மறுத்து, தான் விரும்பிய பெண்ணையே மணந்துகொண்டார். 60 வயதைத் தாண்டிய, மனைவியுள்ள ஒரு பிஷப்புக்கு இது அழகல்ல. இதில் சாக்குச் சொல்ல எதுவுமில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு வீட்டுக்குள் நடந்தது. 30 ஆண்டு கூட வாழ்ந்த மனைவியை 1782இல் பிரிந்தார். இங்கிலாந்திலிருந்த குடும்பச் சொத்தான இக்வொர்த் எஸ்டேட்டில் இருவரும் ஒரே வண்டியில் உலாவப் போனார்கள், திரும்பி வந்தபின் பேசிக்கொள்ளவே இல்லை என்று சொல்வார்கள். அந்த அம்மையார் 1800இல் இறக்கும்வரை தனியாகவே வாழ்ந்தார். பெண் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கடிதங்களில் கணவரைப் பற்றிய வேதனை ஆறாமல் கிடக்கிறது. மகள் எலிசபெத்தின் கதை இன்னும் மோசம். கணவர் ஃபாஸ்டரோடு ஒத்துப்போகாமல் பிரிந்தார். அன்றைய சட்டப்படி இரண்டு ஆண் குழந்தைகளும் தகப்பனுக்கே. 14 ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்க்கவே அந்தத் தாய்க்கு அனுமதி இல்லை. கையில் போதிய காசும் இல்லை. ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு புரளும் தகப்பனிடமிருந்து உதவி ஒழுங்காக வரவில்லை. அந்தக் கஷ்டத்தில்தான் அவர் டெவன்ஷயர் கோமகனும் கோமகளும் வாழ்ந்த வீட்டில் அடைக்கலம் புகுந்தார். பிறகு கோமகனுக்குக் குழந்தைகள் பெற்று, கோமகள் இறந்தபின் 1809இல் அவரையே மணந்தார். லண்டன் முழுவதும் அந்தப் பெண்ணைத் தூற்றியது. அவரை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதில் தகப்பனுக்குப் பங்கு உண்டு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த தவறு ஊரை விட்டது. 1791இல் அயர்லாந்தை விட்டுப் போனவர், சாகும்வரை, 12 ஆண்டுகள் திரும்பவே இல்லை. வருமானம் மட்டும் தவறாமல் இத்தாலிக்குப் போனது. பணி இடத்துக்குத் திரும்புமாறு சக பிஷப்புகள் எழுதியதற்கு, காற்று ஊதி உப்பவைத்த தோல்பையில் மூன்று பட்டாணியைப் போட்டு அனுப்பினாராம். ஆட்டினால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும், உங்கள் கடிதமும் அப்படித்தான் என்ற பொருளில். இதுவும் கதைதான். ஆனால் வராமல் இருந்தது கதையில்லை. ஆரம்பத்தில் சபை சபையாகப் போய்ப் பார்த்தவர், ஓய்ந்த குருக்களுக்கு நிதி வைத்தவர், அந்த மக்களை அப்படியே விட்டுவிட்டுப் போனதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1798இல் அயர்லாந்து கலகத்தில் எரிந்தது. மத ஒற்றுமைக்காகப் பேசிய பெரிய ஆங்கிலிக்கன் குரல் ஒன்று அந்த ஆண்டு மிலான் கோட்டையில் பிரெஞ்சுக்காரர்களின் கைதியாக அடைபட்டுக் கிடந்தது. சுமார் ஒன்பது மாதம் சிறை. ரோமில் அவர் சேர்த்து வைத்திருந்த சிலைகளையும் ஓவியங்களையும் பிரெஞ்சுப் படை பறிமுதல் செய்தது. ரோமில் இருந்த பல நாட்டுக் கலைஞர்கள் கூடிக் கையெழுத்திட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு மனுக் கொடுத்தார்கள். அவரிடம் வேலை பெற்றுப் பிழைத்தவர்கள் அத்தனை பேர். சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனுக்கு 600 பவுண்டுக்குப் பெரிய சிற்பம் ஒன்றைச் செய்யச் சொன்னார். அந்த வேலை கிடைத்ததால்தான் ஃபிளாக்ஸ்மன் ரோமில் தங்க முடிந்தது. ஆனால் செலவு 600 பவுண்டைத் தாண்டியதால் அவருக்கே நஷ்டமானது.

சபை ஏன் இறக்கவில்லை என்று கேட்டீர்கள். பிஷப் பதவி அன்று கிட்டத்தட்ட ஆயுள் சொத்து மாதிரி. பதவி பறிக்கத் திருச்சபை நீதிமன்றத்தில் முறையான வழக்கு நடத்த வேண்டும். வெளியூரில் வாழ்வதற்காக வழக்குப் போட்டால் பாதிப் பிஷப்புகள் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். லண்டனிலும் பாத் நகரிலும் காலம் கழித்தவர்கள் அவ்வளவு பேர். மன்னரின் காதலிக்கு எழுதிய குழைவான கடிதம் வழக்குக்குப் போதாது. அதோடு அவர் ஏர்ல். அயர்லாந்தில் உண்மையாகவே ஒரு பிஷப் பதவி பறிக்கப்பட்டது 1822இல்: குளோகர் பிஷப் பெர்சி ஜோசலின், லண்டன் விடுதி ஒன்றில் ஒரு படைவீரனோடு பிடிபட்டபோது. சபை எதற்குப் பதறியது, எதற்குப் பதறவில்லை என்பது இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் புரியும். ஒரு பிஷப்பின் படுக்கையறை நீதிமன்றம் வரை போனது. 12 ஆண்டு மேய்ப்பன் இல்லாத திருமண்டலம் போகவில்லை.

கட்டிடங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கிக்கொள்கிறேன். வட்டக் கட்டிடம் என்றால் அவருக்கு உயிர். 1787இல் பாலிஸ்கல்லியனில் தொடங்கிய வட்ட மாளிகை முடியவே இல்லை; 1813இல் இடித்துவிட்டார்கள். அதன் தூண் முகப்பு மட்டும் பெல்ஃபாஸ்ட் புனித ஜார்ஜ் ஆலயத்தின் முகப்பாக இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் இக்வொர்த் வட்ட மாளிகை 1795இல் தொடங்கியது. சுமார் 100 அடி உயரம். அது எழும்பியதை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. மகன்தான் முடித்தார்.

1803 ஜூலை 8ஆம் தேதி, ரோமுக்கு அருகே அல்பானோ சாலையில், வயிற்று வலி தாங்காமல் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். பக்கத்துக் குடியானவர், கத்தோலிக்கர் அல்லாத ஒரு பிஷப் தன் வீட்டுக்குள் சாகக் கூடாது என்று அஞ்சி, வெளிக் கொட்டகையில் கிடத்தச் சொன்னதாகக் கூறுவார்கள். அங்கேயே உயிர் போனது. பிணத்தைக் கப்பலில் ஏற்ற மாலுமிகள் பயப்படுவார்கள் என்று, பழங்காலச் சிலை என்று எழுதிப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்களாம். 1804இல் இக்வொர்த்தில் அடக்கம் நடந்தது.

பிறகு நடந்ததை அவருடைய எதிரிகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். டெர்ரி மக்கள் பணம் திரட்டி இக்வொர்த் பூங்காவில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். பணம் கொடுத்தவர்களில் டெர்ரியின் கத்தோலிக்க பிஷப்பும் பிரெஸ்பிட்டேரியன் போதகரும் உண்டு. நீண்ட காலம் பகையாக இருந்த சபையினர் அவருடைய செல்வாக்காலும் முன்மாதிரியாலும் மெல்ல இணங்கி வந்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 12 ஆண்டு தங்களைக் கைவிட்டுப் போன மனிதருக்கு அவர்கள் செய்தது அது.

வட அயர்லாந்துக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் டவுன்ஹில்லுக்குப் போய்ப் பாருங்கள். மாளிகை 1851இல் தீப்பிடித்தது, மீண்டும் கட்டினார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூரையையும் கழற்றிவிட்டார்கள், இப்போது வெறும் சுவர்கள்தான். பாறை விளிம்பிலுள்ள அந்த உருண்டை நூலகம் மட்டும் முழுதாக இருக்கிறது. கட்டும்போது அதைச் சுற்றி வண்டி போகும் அளவு இடம் இருந்ததாம். கடல் அரித்து அரித்து இப்போது விளிம்புக்கே வந்துவிட்டது. 1997இல் அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் பாறையைப் பலப்படுத்தியது. உள்ளே போனால் மேல் அறையோடு திரும்பிவிடாதீர்கள். திருப்பலி நடந்தது கீழே.